குழந்தைகள் நலன் கருதி மூடப்பட்ட அம்மா

டெல்ஃபினா தன் மகளுக்கு எழுதிவிட்டுப் போன ஒரு வரியின் விலை நான்கு சென்ட். இந்த விலையை வைத்தது அவள் புருஷன் லினோ சில்வேரா அல்ல. அவன் சந்தையில் பழைய டயர் விற்பவன், எதற்கும் விலை சொல்லத் தெரிந்தவன்; ஆனாலும் இதற்கு விலை வைக்க அவனுக்குத் தோன்றியதில்லை. வைத்தது வீடியோக் கம்பெனி. சாதாரணமாக ஒரு கமென்ட்டின் மதிப்பு மூன்று சென்ட்தான் என்றும், எழுதியவர் காலமாகிவிட்டதை அறிந்து ஆழ்ந்த வருத்தத்துடன் ஒரு சென்ட் கூட்டியிருப்பதாகவும் கடிதத்தில் கண்டிருந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு வரி. எட்டு டாலர் ஐம்பத்தாறு சென்ட். டர்லாக் ஊரில் அந்தப் பணத்துக்கு டயர் வராது; நாலு டயருக்கும் வால்வு மூடி வரும்.

லினோ கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கோபம் வரும் என்று சற்று நேரம் காத்துப் பார்த்தான். வரவில்லை. டெல்ஃபினா போனதிலிருந்து அவனுக்கு எதுவும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை.

நடந்தது இதுதான். டெல்ஃபினா மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்தாள். எலும்பு மஜ்ஜை மாற்றுகிற வார்டு. எட்டு வயதுப் பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். மருந்தில் வாயெல்லாம் புண்ணாகிப் போனதால் போனிலும் பேச முடியாது. ஆஸ்பத்திரி கொடுத்த டேப்லெட்டில் வேறெதுவும் திறக்காது, வீடியோக் கம்பெனி மட்டும் நன்றாகத் திறக்கும். ஆகவே மகள் ஓலிந்தா நாள்தோறும் ஒரு வீடியோ எடுத்து ஏற்றினாள். பல் ஆடுவது, பக்கத்துப் பால்பண்ணையில் கன்று போட்டது, ரொட்டிக்கு மாவு பிசைந்தது. அம்மா படுத்தபடியே பார்த்துவிட்டுக் கீழே கமென்ட் எழுதினாள்.

நாளை சாகப்போகிறவள் எழுதுவது மாதிரி அவள் ஒருநாளும் எழுதியதில்லை. சந்தைக்காரன் பெண்டாட்டி எழுதுவது மாதிரித்தான் எழுதினாள். 'வலது கால்ல நீல சாக்ஸ், இடது கால்ல கருப்பு. வீட்ல ஆம்பளை இருக்காரா இல்லையா?' என்று ஒரு நாள். 'உன் முதுகுக்குப் பின்னால புகை வருது, உங்கப்பாவை அடுப்பைப் பாக்கச் சொல்லு' என்று ஒரு நாள். அடுப்பு அணைந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம். ஓலிந்தா பதில் எழுதுவாள், அதற்கு அவள் பதில் எழுதுவாள். இப்படியே ஐந்து மாதம் தாயும் மகளும் பேசிக்கொண்டார்கள்.

அவள் போன பிறகும் பேச்சு நிற்கவில்லை. காலையில் சோளப்பொரிக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஓலிந்தா ஒவ்வொரு வீடியோவாகத் திறப்பாள். வீடியோவைப் பார்க்கமாட்டாள். சத்தத்தை அடைத்துவிட்டுக் கீழே இருப்பதைப் படிப்பாள். படித்து முடித்தால் பள்ளிக்கூடம் போவாள். லினோ எதிரில் உட்கார்ந்து காப்பி குடிப்பான். வேறு ஏற்பாடு எதுவும் அந்த வீட்டில் செய்யப்படவில்லை. தேவையாகவும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஓலிந்தா தலையை நிமிர்த்தி, அம்மா இல்லை என்றாள். அது தெரிந்த விஷயம்தானே என்று லினோ நினைத்தான். பிறகு திரையைப் பார்த்தான். கமென்ட்டுகள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வாசகம்: 'குழந்தைகள் நலன் கருதி இந்த வீடியோவில் கருத்துகள் மூடப்பட்டுள்ளன.'

காரணம் நியாயமானது. பிள்ளைகளின் வீடியோக்களுக்குக் கீழே கேடுகெட்டவர்கள் வந்து அசிங்கமாக எழுதுகிறார்கள் என்று ஊரெல்லாம் புகார். லினோவுக்கே அது தெரியும். ஓலிந்தாவின் வீடியோ ஒன்றிலும் எவனோ ஒருவன் ஒரு வரி எழுதியிருந்தான். லினோ கம்பெனிக்கு மூன்று முறை புகார் செய்தான். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது: ஆராய்ந்து பார்த்தோம், அந்த வரி எங்கள் விதிகள் எதையும் மீறவில்லை, சொன்னதற்கு நன்றி. அந்த ஒரு வரியை எடுக்கச் சொன்னவனுக்கு இப்போது கம்பெனி தாராளமாக எல்லா வரியையும் எடுத்துக் கொடுத்திருந்தது.

விளம்பரங்களை எடுக்கவில்லை. ஓலிந்தாவின் ஆடுகிற பல் வருவதற்கு முன்னால், மழையில் வழுக்காத புது டயர் ஒன்றின் விளம்பரம் முன்போலவே ஓடியது.

லினோ எழுதிக் கேட்டான். இயந்திரம் பதில் சொன்னது. வீடியோவில் இருப்பது குழந்தை அல்ல என்று தெரிந்தால் கருத்துகள் திறக்கப்படும் என்றது. இருப்பது குழந்தைதான், எழுதியது அதன் அம்மா என்று இவன் எழுதினான். அம்மா என்பது ஒரு பயனர் வகை அல்ல என்று அது எழுதியது. விலையில் ஏறி இறங்காத வியாபாரியிடம் எவ்வளவு நேரம்தான் நிற்பது? இவன் தன் முகத்தையே காட்டி, மனுஷனாகப் பேசிப் பார்க்கலாம் என்று கராஜில் நின்று ஒரு வீடியோ எடுத்து ஏற்றினான். பெயர், ஊர், பெண்டாட்டி இறந்த விவரம் எல்லாம் சொன்னான். கால் மணி நேரத்தில் அதற்கும் கீழே சாம்பல் வாசகம் வந்து உட்கார்ந்தது. விசாரித்ததில், இயந்திரம் அவன் வயதைக் கணித்திருந்தது தெரிந்தது. உருண்டைத் தலை, முடி இல்லை, அடிக்கடி கண்ணைத் துடைக்கிறது: குழந்தை, தொண்ணூற்றாறு சதவீதம்.

கன்றுக்குட்டி வீடியோவும் குழந்தை என்றே தீர்ப்பாகியிருந்தது. அதில் தவறு சொல்வதற்கில்லை.

இயந்திரம் பெரியவர் என்று ஒத்துக்கொண்டது ஒரே ஒரு வீடியோவை. அதில் ஓலிந்தா அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சிகரெட் மாதிரி பென்சிலைப் பிடித்தபடி, சந்தையில் டயருக்கு எப்படி விலை சொல்வது என்று நடித்துக் காட்டியிருந்தாள். கமென்ட்டுகள் அதில் மட்டும் திறந்தே இருந்தன. அதை ஏற்றிய அன்றைக்கு டெல்ஃபினாவுக்கு மூச்சுக் குழாய் வைத்திருந்தார்கள். அவள் எதுவும் எழுதவில்லை. கீழே இருந்தது அந்த ஒருவன் எழுதிய அந்த ஒரு வரி. அது விதிகள் எதையும் மீறாமல் அங்கேயே இருந்தது.

இதற்குப் பிறகுதான் டெல்ஃபினாவின் வரிகளுக்கு நஷ்டஈடு சொல்லி அந்த நான்கு சென்ட் கடிதம் வந்தது. கூடவே, குழந்தைகளின் பெற்றோர் குறைகளை நேரில் கேட்க 'செவிசாய்க்கும் நாள்' ஒன்று தலைமை அலுவலகத்தில் நடக்க இருப்பதாகவும், பாதிக்கப்பட்ட குழந்தையை அவசியம் அழைத்து வரும்படியும் ஓர் அழைப்பு.

சந்தையில் லினோவுக்கு அடுத்த கடை யோனானுடையது. அசிரியாக்காரன், டஜன் கணக்கில் காலுறை விற்பவன். கடிதத்தைப் படித்துவிட்டு அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"டேய் லினோ, விலை சொல்லிட்டான்னா விக்கறதுக்கு வந்துட்டான்னு அர்த்தம்டா," என்றான். "நாலு சென்ட்டா சொல்றான்? சொல்லட்டும். அவன் என்ன குடுத்தாலும் மூஞ்சிய சுளி. கடைசில முதுகைக் காட்டு. உனக்குச் சொல்லித் தரணுமா?"

சொல்லித் தர வேண்டியதில்லை. லினோவின் குடும்பம் கடலுக்கு அப்பால் ஒரு தீவிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இந்தச் சந்தையில் நிற்கிறது. முதல் விலைக்கு ஒத்துக்கொள்பவனை அங்கே யாரும் மதிப்பதில்லை. விற்றவனுக்கே அன்றிரவு தூக்கம் வராது. பேச்சு முற்றியதும் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி, அவசரமில்லாமல் நடக்க வேண்டும். நல்லவன் மூன்றாவது அடியில் கூப்பிடுவான். கஞ்சன், வண்டிக் கதவில் கை வைக்கும்போது கூப்பிடுவான். கூப்பிடாதவன் என்று ஒருவனை லினோ கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஓலிந்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, லினோ பிக்கப் வண்டியில் பச்சேகோ கணவாய் ஏறினான். பூண்டு விளைகிற கில்ராய் ஊரைத் தாண்டும்போது வாசனைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். ஓலிந்தா துவைத்த கவுனும் ஒரே நிறக் காலுறையும் போட்டிருந்தாள். அம்மாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறோமா என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றான்.

தலைமை அலுவலகம் எட்டு மாடி. வாசலில் இருவரையும் படம் பிடித்தார்கள். பிறகு இருவருக்கும் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். லினோவின் அட்டையில் 'விருந்தினர்' என்று இருந்தது. ஓலிந்தாவின் அட்டை சிவப்பு: 'குழந்தை. கருத்துகள் மூடப்பட்டுள்ளன.'

அதன் அர்த்தம் சற்று நேரத்தில் விளங்கியது. ஓலிந்தா வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். அந்தப் பெண் ஓலிந்தாவின் தலைக்கு மேலே பார்த்தாள். மறுபடி கேட்டதும், லினோவிடம் தாழ்ந்த குரலில், குழந்தை இருக்கும் இடத்தில் ஊழியர்கள் எந்தக் கருத்தும் சொல்லக் கூடாது என்பது புது விதி என்றும், தாங்கள் எல்லோரும் இதற்காக இரண்டு நாள் பயிற்சி எடுத்திருப்பதாகவும் சொன்னாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாதவள் போல, இடது பக்கம் இரண்டாவது கதவு என்றாள். சொல்லிவிட்டுப் பயந்து போய்க் கூரையில் இருந்த கேமராவைப் பார்த்தாள்.

குழந்தையை அறைக்குள் அழைத்துப் போக அனுமதி இல்லை. குழந்தைகள் நலன் பற்றிய பேச்சு குழந்தைகளின் காதில் விழக் கூடாதாம். ஓலிந்தாவைக் கண்ணாடி அறை ஒன்றில் உட்கார வைத்தார்கள். மெத்தென்ற திண்டுகள், நாலு மூலையிலும் கேமரா, எதிரில் பெரிய திரை. திரையில் ஓலிந்தாவின் வீடியோவையே ஓட விட்டார்கள், அவளுக்குப் பொழுது போக. முதலில் டயர் விளம்பரம் வந்தது.

லினோவைக் கூப்பிட்ட அம்மாள் பிரிசில்லா வான்டர்மீர். குழந்தை நேசத் துறையின் துணைத் தலைவர். எழுந்து வந்து இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கூப்பிட்டார். அவருடைய கண் உண்மையாகவே ஈரமாக இருந்தது. நாள் முழுக்க அப்படித்தான் இருக்கும் போலிருந்தது.

"குழந்தைகள்னா எங்களுக்கு உயிர், லினோ," என்றார். "இந்த எட்டு மாடியும் அவங்க கட்டினதுதான். பெரியவங்க ஒரு வீடியோவை ஒரு தடவை பாப்பாங்க. குழந்தை அதையே நாப்பது தடவை பாக்கும். அந்த நன்றியை நாங்க மறக்கறதில்ல. அதனாலதான் கெட்டவங்க எழுதறாங்கன்னு தெரிஞ்ச உடனே நடவடிக்கை எடுத்தோம்."

லினோ, கெட்டதை மட்டும் எடுத்திருக்கலாமே என்றான்.

"எடுக்கலாம். அதுக்கு ஒவ்வொண்ணையும் ஒரு ஆள் படிக்கணும். ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும். அதையெல்லாம் படிச்சதுக்கப்புறம் அந்த ஆளுக்கு வைத்தியம் பாக்கணும். எல்லாத்தையும் மூடறதுன்னா ஒரு பொத்தான். குழந்தைகளுக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ண எங்களுக்கு ரொம்ப நேரம் ஆகல."

விளம்பரம் மட்டும் இருக்கிறதே என்று லினோ கேட்டான். அம்மாள் அவனைப் பரிவோடு பார்த்தார்.

"கமென்ட் போடறது யாருன்னு எங்களுக்குத் தெரியாது, லினோ. அதான் ஆபத்து. விளம்பரம் போடறவங்களை எங்களுக்கு நல்லாத் தெரியும். மாசா மாசம் தவறாம யாருன்னு தெரியப்படுத்தறாங்க."

இதற்கெல்லாம் லினோ வரவில்லை. தன் பெண்டாட்டி எழுதிய வரிகள் அழிந்துவிட்டனவா, இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டான். அம்மாளுக்குச் சற்று மனத்தாங்கலாகிவிட்டது. கம்பெனி எதையும் அழிப்பதில்லை, காட்டுவதில்லை, அவ்வளவுதான் என்றார். இருநூற்றுப் பதினான்கும் பத்திரமாக இருக்கின்றன. டெல்ஃபினா தன் கணக்குக்குள் வந்து ஒரு முறை சம்மதம் என்று அழுத்தினால் போதும், இந்த நிமிஷமே கொடுத்துவிடலாம்.

அவள் செத்துவிட்டாளே என்றான் லினோ.

அதற்கு வருந்துவதாக அம்மாள் சொன்னார். கணக்கு இன்னும் உயிரோடு இருப்பதால் வேறு யாருடைய சம்மதத்தையும் வாங்குவது முறையாகாது என்றார். பிறகு விலையை ஐந்து சென்ட்டாக உயர்த்தினார். லினோ முகத்தைச் சுளித்தான். கம்பெனிப் பெயர் போட்ட கம்பளிச் சட்டை, குழந்தை அளவில் ஒன்று, பெரியவர் அளவில் ஒன்று தருவதாகச் சொன்னார். லினோ உதட்டைப் பிதுக்கினான். அம்மாள் கொஞ்ச நேரம் திரையில் எதையோ பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"செவிசாய்க்கும் நாள்ல மட்டும் எனக்கு ஒரு அதிகாரம் உண்டு," என்றார். "முப்பது வரி. காகிதத்துல அச்சடிச்சு. எந்த முப்பதுன்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வேணுமா?"

லினோவின் நெஞ்சு ஒரு முறை அடித்தது. பல மாதத்துக்குப் பிறகு அவனுக்குக் கேட்கிற மாதிரி அடித்தது. முப்பது என்று வாய் திறந்து சொல்லிவிட்டாள் என்றால் நூறுக்கு வருவாள். நூறுக்கு வந்தவள் முழுசுக்கும் வருவாள். இந்த இடத்தில் சரி என்று சொல்ல அவன் அப்பனோ பாட்டனோ பழக்கி வைக்கவில்லை. அவனுடைய உடம்பு தானாக எழுந்தது. தொப்பியை எடுத்தது.

"கட்டுப்படியாகாதும்மா," என்றான்.

முதுகைக் காட்டி நடந்தான். நீளமான அறை, காலடிச் சத்தத்தை விழுங்குகிற தரைவிரிப்பு. மூன்று அடி போனான். தொட்டிச் செடி வரை போனான். அங்கே குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். எதிராளிக்கு அவகாசம் கொடுக்கும் முறை அது. பின்னால் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கதவுப் பக்கம் போனதும் கைப்பிடியில் கை வைத்து நிற்கலாம் என்று நினைத்தான். அந்தக் கதவுக்குக் கைப்பிடி இல்லை. அவன் கிட்டே போனதும் தானாகத் திறந்தது. வெளியே வந்ததும் தானாக மூடிக்கொண்டது.

கதவுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய திரை பச்சையாக மாறியது. 'குறை தீர்ந்தது. பெற்றோர் திருப்தியுடன் வெளியேறினார்.'

லினோ தட்டினான். கொஞ்சம் தட்டிய பிறகு வான்டர்மீர் அம்மாளே திறந்தார். முகத்தில் கடுகடுப்பு இல்லை. இவன் யார் என்பதும் பாதி மறந்திருந்தது.

"நீங்க திருப்தியாப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்," என்றார்.

"நீங்க கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்."

"எதுக்கு?"

நாற்பத்திரண்டு வயது வரை அவனை யாரும் அதைக் கேட்டதில்லை. கடைசியில், முப்பதே போதும், கொடுங்கள் என்றான். அம்மாளின் கண் இன்னும் ஈரமானது. குறை தீர்ந்துவிட்டால் அது சம்பந்தப்பட்ட எல்லாமே, அந்த வரிகள் உட்பட, அந்த வினாடியே அழிந்துவிடும், குடும்பத்தின் அந்தரங்கம் காக்க என்றார். வேறு கோப்பாக இருந்தால் ஒரு மாதம் வைத்திருப்பார்களாம். இது குழந்தை சம்பந்தப்பட்டது என்பதால் தனி அக்கறை எடுத்து உடனே அழிப்பார்களாம்.

"எதையும் அழிக்கறதில்லன்னு சொன்னீங்களே," என்றான் லினோ.

"புகார் இருக்கற வரைக்கும் அழிக்கறதில்ல," என்றார் அம்மாள். பிறகு, இவ்வளவு தூரம் வந்து குறையைச் சொன்னதற்கு நன்றி சொல்லி, தன் செவிசாய்ப்புக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பான் என்று கேட்டார். லினோ ஏதோ ஒன்றை அழுத்தினான். எதை அழுத்தினான் என்று அவனுக்கே தெரியாது.

கண்ணாடி அறையில் ஓலிந்தா இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். யாரோ வாசலில் ஒரு டப்பா பழரசத்தை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமலே போயிருந்தார்கள். அவள் அதைத் திறக்கவில்லை. அப்பாவின் கையைத்தான் முதலில் பார்த்தாள். கையில் தொப்பி மட்டும் இருந்தது.

திரும்பும் வழியில் நீர்த்தேக்கம் தெரிகிற வளைவுக்கு வந்தார்கள். பொய் சொல்லலாமா என்று லினோ யோசித்துப் பார்த்தான். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. உள்ளதைச் சொன்னான். முப்பது தருவதாகச் சொன்னாள், நான் முதுகைக் காட்டினேன் என்றான்.

ஓலிந்தா சந்தையில் டயர் அடுக்குக்கு நடுவில் நடை பழகியவள். அவளுக்குக் கோபம் வரவில்லை, கணக்குத்தான் புரியவில்லை.

"எவ்வளவு தூரம் நடந்தே?"

"கதவு வரைக்கும்."

"மெதுவாத்தானே நடந்தே?"

"மெதுவாத்தான். கயிறு கூடக் கட்டினேன்."

"கூப்பிடலையா?"

"கூப்பிடல."

"கூப்பிடணுமே," என்றாள்.

"கூப்பிடணும்," என்றான்.

காற்றாலைகள் சிலது சுற்றின, சிலது சும்மா நின்றன. சற்று நேரம் கழித்து ஓலிந்தா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: 'மாவை அடிக்காதே, அது உன் எதிரியில்ல.' அவள் குரலில் அம்மாவின் குரல் இல்லை, நடிப்பும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி இருந்தது. லினோ ஸ்டியரிங்கில் கட்டைவிரலால் ஒன்று என்று தட்டினான். அவள் அடுத்ததைச் சொன்னாள்: 'கன்னுக்குட்டிக்கு என் பேரை வெச்சா பண்ணைக்காரர் அதை விக்க மாட்டார்னு நினைக்காதே, விப்பார்.' லினோ இரண்டு என்று தட்டினான். மூன்றாவதை அவன் சொன்னான். அவள் அதில் ஒரு சொல்லைத் திருத்தினாள்.

லாஸ் பானோஸ் ஊருக்குள் சிக்னலில் நிற்கும்போது பதினேழு ஆகியிருந்தது. அதற்கு மேல் இருவருக்கும் வரவில்லை. பால்பண்ணை வாசனை அடிக்கத் தொடங்கிய பிறகு ஓலிந்தா இன்னொன்று சொன்னாள்: 'தலையை நல்லா துவட்டு, ஈரத்தோட படுக்காதே.'

அது எழுதியது இல்லை, வீட்டில் வாயால் சொன்னது என்றான் லினோ. எழுதினாள் என்றாள் ஓலிந்தா. ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்கு முன்னால் தினமும் சொன்னதுதான், எழுத்தில் சேராது என்றான். சொன்னதையே எழுதவும் எழுதினாள், நீ படித்திருக்க மாட்டாய் என்றாள் அவள். இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. ஊர் எல்லை வரைக்கும் பேரம் நடந்தது.

"சரி, அரை போடு," என்றாள் ஓலிந்தா.

லினோ போட்டான். அம்மா எழுதியது இருநூற்றுப் பதினான்கு. கைக்கு வந்தது பதினேழரை. பாக்கி நூற்றுத் தொண்ணூற்றாறரை.